க்யூட்டிகிள் பராமரிப்புச் சாமான்கள்: எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம்

க்யூட்டிகிள் என்று பெயர் போட்டு விற்கிற சாமான்களை எடை போடும் முன், க்யூட்டிகிள் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நகத்தின் அடியில், தோல் முடிந்து நகம் தொடங்கும் இடத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். அங்கே ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. ஒன்று, நகத்தின் மேல் வந்து படிந்திருக்கும் தோல் மடிப்பு. அது உயிருள்ளது. ரத்தம் ஓடுகிறது, கிள்ளினால் வலிக்கிறது. இன்னொன்று, அந்த மடிப்பின் அடிப்பக்கத்திலிருந்து கழன்று, வளரும் நகத்தோடு ஒட்டிக்கொண்டே வெளியே வரும் மெல்லிய செத்த படலம். நிறமில்லாதது, உணர்ச்சியில்லாதது. உண்மையான க்யூட்டிகிள் இந்தப் படலம்தான்.

இது செத்த தோல் என்பதால் வேண்டாத தோல் ஆகிவிடாது. மடிப்புக்கும் நகத்துக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைத்து வைப்பதே இதன் வேலை. அந்த இடுக்குக்குள்ளே, மடிப்புக்கு அடியில், நகம் உருவாகிற வேர் இருக்கிறது. அடைப்பு போனால் தண்ணீரும் சோப்பும் கிருமியும் நேராக உள்ளே இறங்கும். நகச்சுத்தி பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது.

அதனால் ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இது செத்த படலத்தைத் தொடுகிறதா, உயிருள்ள மடிப்பைத் தொடுகிறதா? கீழே சொல்லும் தீர்ப்புகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படலம் எது, மடிப்பு எது என்று பிரித்தறிவது எளிது. விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து, துடைத்து, மரக்குச்சியைச் சாய்த்துப் பிடித்து நகத்தின் மேல் மெல்ல இழுங்கள். வெள்ளையாக மாவு போல உருண்டு வருவது படலம். இளஞ்சிவப்பாக, இழுத்தால் நீண்டு, கூசுவது மடிப்பு. மடிப்பு என்று தெரிந்த இடத்தில் கூர்மையான எதற்கும் வேலை இல்லை.

அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் டெர்மட்டாலஜி, க்யூட்டிகிளை வெட்டவும் வேண்டாம், பின்னே தள்ளவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நகப்பூச்சே பூசாதவர்களுக்கு அதுவே முழுத் தீர்வு. எண்ணெயும் க்ரீமும் தவிர வேறு எதுவும் வாங்க வேண்டாம். பூச்சு பூசுகிறவர்களுக்கு மட்டும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. படலத்தின் மேல் பூசிய பூச்சு நகத்தைப் பிடிக்காமல் படலத்தைப் பிடிக்கிறது. படலம் கழன்றதும் பூச்சும் அடியிலிருந்து உரிகிறது. படலத்தைக் கரைக்கும் ரிமூவரும் தள்ளும் குச்சியும் இவர்களுக்குத்தான் தேவை, அதுவும் குறைந்த அளவில்.

எண்ணெய்

முதலில் ஒரு விளம்பர வாசகத்தை ஒதுக்கிவிடலாம். எந்த எண்ணெயும் நகத்துக்கு ஊட்டம் தராது. வெளியே தெரிகிற நகம், கெரட்டின் என்ற செத்த புரதம். அதற்குச் சாப்பிடத் தெரியாது. எண்ணெய் செய்வது இரண்டு வேலைகள். மடிப்பின் விளிம்பை இளக்கி வளைந்துகொடுக்க வைக்கிறது, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போவதைத் தாமதப்படுத்துகிறது. காய்ந்த விளிம்பு விறைக்கும், விறைத்தது வெடிக்கும், வெடித்தது பிசிறாகும், பிசிறைப் பிடுங்கினால் புண்ணாகும். இந்த வரிசையை முதல் படியிலேயே நிறுத்துவதால்தான், இந்தச் சாமான்களில் முதலிடம் எண்ணெய்க்கு.

எந்த எண்ணெய் என்பதில் வித்தியாசம் உண்டு, ஆனால் விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை. ஜோஜோபா பெயருக்குத்தான் எண்ணெய். வேதியியல்படி அது திரவ மெழுகு. எளிதில் சிக்குப் பிடிக்காது, விரலில் பிசுபிசுக்காது. பாதாம் எண்ணெய் அதைவிடக் கொஞ்சம் கனம், நன்றாக இளக்கும், ஆனால் சீக்கிரம் கெடும். விளக்கெண்ணெய் மிகவும் கெட்டி. தோலின் மேல் நெடுநேரம் நிற்கும், ஆனால் தனியாகப் போட்டால் தொட்ட இடமெல்லாம் ஒட்டும். நாலில் ஒரு பங்கு விளக்கெண்ணெயும் மூன்று பங்கு ஜோஜோபாவும் கலந்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலைப் பலர் தாழ்வாக நினைக்கிறார்கள். அது நியாயமில்லை. வாசனை சேர்க்காத மினரல் ஆயில் சிக்குப் பிடிப்பதில்லை, ஒவ்வாமை தருவது மிக அரிது, ஈரத்தைக் காப்பதில் பல தாவர எண்ணெய்களைவிடத் திறமையானது.

கடையில் கிடைக்கும் கலவைகளில் நகத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் சி.என்.டி.யின் சோலார் ஆயில். பாதாம், அரிசித் தவிடு, ஜோஜோபா எண்ணெய்கள், வைட்டமின் ஈ, கொஞ்சம் வாசனை. கலவை சரியான கனத்தில் இருக்கிறது: வழிந்து ஓடாமல், தேய்த்த அரை நிமிடத்தில் தோலோடு படிகிறது. பாதாம் ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும்; எண்ணெய் அழகான சின்னப் புட்டியில் வருவதால் இதை மறந்துவிடுகிறோம். ஓ.பி.ஐ.யின் ப்ரோஸ்பா எண்ணெயில் திராட்சை விதை, எள், சூரியகாந்தி போன்றவை சேர்கின்றன. இது இன்னும் லேசானது, வேலைக்கு நடுவே போட்டுக்கொள்ள வசதி. எள் ஒவ்வாதவர்கள் லேபிளைப் படிக்காமல் வாங்கக்கூடாது. திராட்சை விதை எண்ணெய் காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும் வகை என்பதால், பெரிய புட்டி லாபமில்லை. சின்னதாக வாங்கித் தீர்த்துவிடுவது நல்லது.

எண்ணெயைவிடப் புட்டியின் மூடியைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். நகப்பூச்சுப் புட்டி போல ப்ரஷ் வைத்த மூடி பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் அந்த ப்ரஷ் ஒவ்வொரு முறையும் தோல் துகளையும் நகத் தூளையும் அள்ளிக்கொண்டு எண்ணெய்க்குள் திரும்பிப் போகிறது. சில வாரங்களில் புட்டியின் அடியில் மங்கலாக ஒரு வண்டல் சேரும். ட்ராப்பர் மூடி இதைவிடச் சுத்தம். பின்னாலிருந்து திருகினால் நுனிக்கு எண்ணெய் வரும் பேனா வகை, பையில் எடுத்துப் போக மிக நல்லது. அதிலும் நுனி ப்ரஷ்ஷாக இல்லாமல் உருளையோ துளையோ ஆக இருந்தால் துடைக்க எளிது. நகத்தோரம் புண்ணோ நகச்சுத்தியோ இருக்கும்போது ப்ரஷ்ஷை அதில் வைக்கவே கூடாது. ஒரு சொட்டை வேறு விரலில் விட்டுக்கொண்டு தடவுங்கள்.

எவ்வளவு போடுவது? ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. அது இரண்டு மூன்று நகங்களுக்குப் போதும். பத்து விரலுக்கு நாலு சொட்டு, காலை இரவு இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 0.4 மி.லி. ஆக 10 மி.லி. புட்டி 25 நாள் வரும். அது உங்களிடம் ஆறு மாதம் ஓடுகிறது என்றால், எண்ணெயில் குறை இல்லை. போடவேண்டிய அளவில் பத்தில் இரண்டு பங்குகூடப் போடவில்லை என்று அர்த்தம். "எண்ணெய் போட்டும் பலன் இல்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

கை கழுவித் துடைத்த கையோடு, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே போடுங்கள். எண்ணெய் ஈரத்தை உண்டாக்காது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். காய்ந்து போன விரலில் போட்டால் பூட்ட எதுவும் இருக்காது. முதலில் அடி மடிப்பில், பிறகு இரண்டு ஓரங்களில், கடைசியாக நக நுனிக்கு அடியில். கட்டைவிரலால் சின்ன வட்டமாக, நகத்துக்கு ஐந்தாறு சுற்று. அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை.

பலன் எப்போது தெரியும் என்பதில் பொறுமை வேண்டும். மடிப்பு மிருதுவாவது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். பிசிறு கிளம்புவது குறைய ஒரு மாதம். நகத்தின் அழகைப் பற்றி யாராவது ஒரே வாரத்தில் வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்: கைவிரல் நகம் மாதம் 3 மி.மீ. அளவுதான் வளர்கிறது, அடியிலிருந்து நுனிவரை புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருடமும் அதற்கு மேலும்.

ஒரே எச்சரிக்கை: பூச்சு பூசுவதற்கு முன் எண்ணெய் போடாதீர்கள். போட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தின் மேற்பரப்பை மட்டும் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். இல்லாவிட்டால் இரண்டே நாளில் பூச்சு தோலாக உரிந்து வரும்.

பாம், வேஸலின், யூரியா க்ரீம்

எண்ணெய் பகலுக்கு, பாம் எனப்படும் மெழுகு கலந்த களிம்பு போன்ற கெட்டியானவை இரவுக்கு. பர்ட்ஸ் பீஸ் நிறுவனத்தின் லெமன் பட்டர் க்யூட்டிகிள் க்ரீம் பரவலாகப் பேசப்படுவது. 17 கிராம் தகர டப்பா. பாதாம் எண்ணெய், தேன்மெழுகு, கோக்கோ வெண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய். தேன்மெழுகு இருப்பதால் எண்ணெயைவிட நெடுநேரம் நிற்கிறது, தூங்கப் போகும்போது போட ஏற்றது. விரல் சூட்டில் கொஞ்சம் உருக்கி எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டி எடுத்தால் அது நக நுனிக்கு அடியில்தான் போய் அடையும். எலுமிச்சை மணம்தான் இதன் கவர்ச்சி, அதுவே இதன் பலவீனமும். வெடித்த தோலில் வாசனை எண்ணெய்கள் எரியும், சிலருக்கு நாளடைவில் ஒவ்வாமையையும் கிளப்பும். தோல் முழுதாக இருப்பவர்களுக்குச் சிறந்த பொருள். வெடிப்பும் புண்ணும் உள்ளவர்களுக்கு அல்ல.

அவர்களுக்கு வாசனை சேராத பெட்ரோலியம் ஜெல்லி. ராபர்ட் செஸ்ப்ரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய அதே வேஸலின்தான். தோலிலிருந்து ஈரம் போவதைத் தடுப்பதில் இதை மிஞ்சும் எளிய பொருள் கிடையாது. ஈரத்தோலில் மெல்லியதாகப் பூசி, மேலே பருத்திக் கையுறை போட்டுப் படுத்தால், மூன்று நாலு இரவுகளில் வெடிப்பு மூடத் தொடங்கும். பூச்சு அகற்ற அசிட்டோன் பயன்படுத்தும் முன் நகத்தைச் சுற்றியுள்ள தோலில், நகத்தின் மேல் படாமல், ஒரு கோடு இதைத் தடவிக்கொள்ளுங்கள். அசிட்டோன் தோலின் எண்ணெயை உறிஞ்சி வெளுக்க வைப்பது இதனால் வெகுவாகக் குறையும்.

யூரியா க்ரீமில் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 10 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; தடித்து இறுகிய மடிப்புக்கு இரவில் போடலாம். 20 சதவீதத்துக்கு மேல் அது தோலை உரிக்கும் மருந்து. 40 சதவீத யூரியா, நோயுற்ற நகத்தையே இளக்கி எடுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது. குதிகாலுக்கு வாங்கிய க்ரீமை நகத்தோரத்துக்கும் தடவிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ரிமூவர்

இந்தச் சாமான்களிலேயே வீரியமானது இது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் தள்ளவும் சுரண்டவும் வேண்டிய வேலையை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடும். தவறாகப் பயன்படுத்தினால் நகத்தையும் தோலையும் ஒருசேரக் கெடுக்கும்.

பெரும்பாலான ரிமூவர்களில் வேலை செய்வது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு. இரண்டும் கடுங்காரம். பி.ஹெச். அளவு 12-ஐ ஒட்டிப் போகும். காரம் கெரட்டினை ஊதவைத்து அதன் பிணைப்புகளை உடைக்கிறது, படலம் கூழாகிறது. படலம், மடிப்பின் மேல்தோல், நகம் மூன்றுமே கெரட்டின்தான். எது செத்தது எது உயிருள்ளது என்று காரத்துக்குத் தெரியாது. மெல்லிய படலம் முதலில் கரைகிறது, அவ்வளவே. ஆகவே உங்கள் பாதுகாப்பு முழுவதும் கடிகாரத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப்பொருள் சட்டம் இந்த வகை ரிமூவரில் காரத்தை 5 சதவீதத்துக்குள் நிறுத்தியிருக்கிறது. கண்ணில் பட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையையும் லேபிளில் போடச் சொல்கிறது. அந்த வரியைச் சம்பிரதாயம் என்று எண்ண வேண்டாம்.

சாலி ஹேன்சனின் இன்ஸ்டன்ட் க்யூட்டிகிள் ரிமூவர் இந்த வகையில் அதிகம் தெரிந்தது. ஜெல்லாக, கூர்மூக்குக் குழாயில் வருகிறது. ஜெல் என்பது முக்கியம்: தண்ணியாக இருக்கும் ரிமூவர் ஓரங்களுக்கு ஓடி, தொடவேண்டாத தோலையெல்லாம் தொடும். ஜெல் வைத்த இடத்தில் நிற்கும்.

பயன்படுத்தும் முறை இதுதான். கையை ஊறவைக்க வேண்டாம். ஊறிய நகமும் தோலும் காரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். பழைய பூச்சை அகற்றி, கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டு, கீறல், பிசிறு பிடுங்கிய புண் இருக்கிற விரலை விட்டுவிடுங்கள். ஒரு கையின் ஐந்து நகங்களுக்கு மட்டும், மடிப்பின் மேல் படாமல், நகத்தின் மேல் மடிப்பை ஒட்டி நூல் போல ஒரு கோடு வைக்கவும். லேபிள் சொல்லும் நேரம் பார்க்கவும். சில பொருள்களுக்கு 15 நொடியே போதும், எதையும் ஒரு நிமிடம் தாண்ட விட வேண்டாம். முதலில் வைத்த விரலிலிருந்தே தொடங்கி, பஞ்சு சுற்றிய மரக்குச்சியால் படலத்தை மெல்ல உருட்டி எடுங்கள். உலோகம் வேண்டாம், ஊறிய நகத்தை அது சீவிவிடும்.

பிறகு கழுவுவது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். காரம் தோலின் எண்ணெயைச் சோப்பாக மாற்றுவதால் விரல் வழுவழு என்று இருக்கும். அந்த வழுவழுப்பு போகும்வரை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் டிஷ்யூவால் துடைத்துவிட்டு எண்ணெய் போடுவது, காரத்தை எண்ணெய்க்கு அடியில் பூட்டி வைப்பதற்குச் சமம். அடுத்த நாள் மடிப்பு சிவந்து எரிவதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை. ஒரு கை முடிந்து கழுவிய பிறகே அடுத்த கை. பத்து விரலுக்கும் வைத்துவிட்டு முதல் விரலுக்குத் திரும்பி வருவதற்குள் மூன்று நிமிடம் ஓடியிருக்கும்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். வாரம் இரண்டு முறை என்று போனால் நகத்தின் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து, நுனி ஏடு ஏடாகப் பிரியும். அப்படி ஆன நகத்துக்கு மருந்து இல்லை, வளர்ந்து போவதற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

காரமே வேண்டாம் என்பவர்களுக்கு பழ அமில வகை உண்டு, சி.என்.டி.யின் க்யூட்டிகிள் இரேசர் அப்படிப்பட்ட ஒரு க்ரீம். வேகம் குறைவு, ஒரே முறையில் எதுவும் கரைந்து வராது, விட்டு விட்டுப் பல நாள் பயன்படுத்தினால்தான் படலம் குறையும். மென்மையான தோலுக்கும், நேரம் பார்த்துக்கொண்டு உட்கார முடியாதவர்களுக்கும் இதுவே பொருத்தம். வெடித்த தோலில் இதுவும் எரியும்.

தள்ளும் குச்சிகள்

மிகச் சிறந்தது காசில்லாதது: குளித்து முடித்ததும் துண்டின் நுனியை விரலில் சுற்றி, மடிப்பை ஒரு முறை மெல்ல ஒற்றிவிடுவது. ரப்பர் முனைக் குச்சி அதற்கு அடுத்தது. தவறு செய்தாலும் காயப்படுத்தாது. மரக்குச்சியின் முனை சிலும்பினால் உடனே தூக்கிப் போடுங்கள், ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். மரம் ஈரத்தை உறிஞ்சும், அதைக் கிருமி நீக்க வழியில்லை.

எஃகுக் குச்சியைப் பெட்டியில் பார்த்தால் வாங்கத் தோன்றும். அதில் கரண்டி போன்ற முனையின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். உருண்டு வழவழப்பாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். கூராக, பிசிறாக இருந்தால் அது தள்ளாது, சீவும். பிடிப்பது பென்சில் போல; நகத்தோடு கிட்டத்தட்டப் படுத்த நிலையில். செங்குத்தாக நிறுத்தினால் அழுத்தம் முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும். அந்தப் புள்ளிக்குக் கீழே நகம் இன்னும் இளசு, அதன் அடியில் வேர். நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு, பள்ளம் என்று வாரங்கள் கழித்து வளர்ந்து வெளியே வரும். சேதம் செய்த நாளுக்கும் அது கண்ணில் படும் நாளுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதால், காரணம் குச்சி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கட்டைவிரல் மடிப்பை அடுத்த விரல் நகத்தால் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவர்களைப் பாருங்கள்: நகத்தின் நடுவே அடியிலிருந்து நுனிவரை துணி தோய்க்கும் பலகை போலக் குறுக்கு வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். பழக்கத்தை நிறுத்தினால் நகம் நேராக வளர்ந்துவிடுகிறது.

சுழலும் முனை வைத்த மின்கருவிகள் பயிற்சி பெற்ற கைக்கு உரியவை. வீட்டுக்கு வேண்டாம். முனையைக் கொஞ்சம் சாய்த்தாலே நகத்தில் அரைவட்டப் பள்ளம் விழும், அந்த இடம் சிவந்து எரியும்.

நிப்பர்

நிப்பர் என்பது சின்னக் குறடு போன்ற வெட்டும் கருவி. அதற்கு ஒரே ஒரு நியாயமான வேலை இருக்கிறது: பிசிறை வெட்டுவது. மடிப்பை வெட்டுவது அதன் வேலை இல்லை. வெட்டிய மடிப்பு ஆறும்போது விளிம்பு தடித்துச் சொரசொரப்பாகிறது, அது அசிங்கமாக இருக்கிறதே என்று மறுபடி வெட்டத் தோன்றுகிறது. இந்தச் சுழலில் ஒருமுறை இறங்கிவிட்டால் வெளியே வர இரண்டு மாதமாவது எண்ணெய் மட்டும் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் மூன்று வாரம் பார்க்க நன்றாக இருக்காது. பிறகு மடிப்பு தானாகச் சமன்படும்.

வாங்கும்போது வாய் சிறியதாக இருக்கிற நிப்பராகப் பாருங்கள். பெரிய வாய் வேண்டாததையும் சேர்த்துக் கவ்வும். வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டு அலகுக்கும் நடுவே ஒளி தெரியக்கூடாது. மூட்டில் ஒரு கை இன்னொரு கையின் துளைக்குள் புகுந்து போகும் அமைப்பு, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் திருகிய அமைப்பைவிட ஆடாமல் நெடுநாள் வரும். கடைசிச் சோதனை, நனைத்த டிஷ்யூ காகிதம். நுனியால் ஒரு சின்ன வெட்டு. சுத்தமாக வெட்டினால் நல்ல நிப்பர். காகிதத்தைக் கவ்வி இழுத்தால் உங்கள் தோலையும் அப்படித்தான் இழுக்கும். மழுங்கிய நிப்பர், நிப்பரே இல்லாததைவிட மோசம்.

பிசிறை வெட்ட ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். நிமிர்ந்து நிற்கும் பகுதியை அதன் அடியில், நிப்பரை நகத்தோரத்துக்கு இணையாக வைத்து ஒரே வெட்டு. வெட்டி முடிக்கும் முன் இழுக்காதீர்கள். இழுத்தால் செத்த பிசிறு, அதோடு ஒட்டியிருக்கும் உயிருள்ள தோலையும் கிழித்துக்கொண்டு வரும். பல்லால் கடித்துப் பிடுங்குவதும் இதே சேதம்தான், கூடவே வாயின் கிருமிகளும் சேரும். வெட்டியதும் ஒரு பொட்டு பெட்ரோலியம் ஜெல்லி.

வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நிப்பரைச் சோப்புத் தண்ணீரில் சின்ன ப்ரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, வாயைத் திறந்து வைத்து 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் நனையுங்கள். 99 சதவீதம் இன்னும் வீரியமாக இருக்கும் என்று நினைப்பது தவறு. கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரும் துணை வேண்டும், மேலும் 99 சதவீதம் வேலை முடியும் முன்பே ஆவியாகிவிடும். அழுக்கைக் கழுவாமல் மேலே ஆல்கஹால் ஊற்றுவதும் வீண். காய்ந்த பிறகு மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய்.

பல துண்டுகள் கொண்ட பெட்டிகளில் கூடவே ஒரு சாமான் வரும்: கைப்பிடியின் முனையில் ஆங்கில 'வி' வடிவத்தில் பிளந்த கத்தி. மடிப்பின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே போனால் தோல் சுருளாக வரும். அலகு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது, வெட்டுவது முழுவதும் உயிருள்ள மடிப்பை. இதை வாங்காதீர்கள். பெட்டியோடு வந்திருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

எதையும் தொடக்கூடாத நேரம்

நகத்தோரம் சிவந்து, வீங்கி, விண்விண் என்று தெறித்தால் அது நகச்சுத்தி. திடீரென வருவதற்குப் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியா காரணம். ஆரம்பத்திலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நாலு முறை வைத்தால் அடங்கலாம். சீழ் கோத்தாலோ, சிவப்பு விரலில் மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஊசியால் குத்திப் பிதுக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் ஆரம்பத்திலேயே போக வேண்டும். இவர்களுக்கு நிப்பரும் ரிமூவரும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பது வேறு வகை. நாள் முழுவதும் கை தண்ணீரில் இருப்பவர்களுக்கு வருவது. படலமே இல்லாமல் போய், மடிப்பு நகத்தைவிட்டு விலகி, உப்பி நிற்கும். எரிச்சல்தான் மூலம், கேண்டிடா பூஞ்சை பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது. இதற்கு எண்ணெய் மருந்தாகாது. கையை உலர வைப்பதும், ரப்பர் கையுறைக்கு உள்ளே பருத்திக் கையுறை போட்டுப் பாத்திரம் கழுவுவதும், மருத்துவர் தரும் மருந்தும்தான். படலம் திரும்ப வளர்ந்து இடுக்கை அடைக்கும்வரை, அதாவது சில மாதங்கள், தள்ளுவது அறவே கூடாது.

புற ஊதா விளக்கில் காயவைக்கும் ஜெல் நகப்பூச்சை வீட்டில் போடுபவர்களுக்கு ஒன்று: விளக்கில் காயாத ஜெல் மடிப்பில் பட்டால் உடனே துடைத்துவிட்டு, பிறகே கையை விளக்குக்குள் வையுங்கள். அதில் இருக்கும் அக்ரிலேட்டுகள் என்ற வேதிப்பொருள்கள், குறிப்பாக ஹீமா (HEMA) என்பது, திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும். அது வந்துவிட்டால் போகாது. மடிப்புக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு முடி அளவு இடம் விட்டுப் பூசுவது இதற்குப் போதுமான காப்பு.

எண்ணெயை வெயில் படாத இடத்தில், மூடியை இறுக்கி வையுங்கள். கெட்ட எண்ணெய் பழைய மெழுகுக் கலர் பென்சில் போல வாசம் அடிக்கும், விரலில் ஒட்டும். அதைத் தோலில் போட்டால் அரிப்புதான் மிச்சம். லேபிளின் பின்னால், மூடி திறந்த டப்பாவின் சின்னப் படத்துக்குள் 6, 12 என்று ஒரு எண் இருக்கும். அது மாதக் கணக்கு. கணக்கு தொடங்குவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, திறந்த நாளிலிருந்து. திறந்த தேதியை அப்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, புட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.